தூய்மைப் பணியாளரின் உடலைச் சோதிப்பது யாருக்காக?

2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில், ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாட்களாக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைக் காவல்துறை இழுத்துச் சென்று பேருந்துகளில் ஏற்றியது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணிநிரந்தரம் செய் என்பதுதான் அவர்கள் கேட்டது. மறுநாள் தமிழ்நாடு அமைச்சரவை கூடி அவர்கள் கேட்காத பலவற்றை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று நீண்ட அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: குப்பையைக் கையாளுவதால் வரும் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித் திட்டம்.

காலை உணவைப் பற்றி எல்லோரும் பேசினோம். உரிமை கேட்டவருக்கு உப்புமாவா என்று கோபப்பட்டோம், சரியாகவே கோபப்பட்டோம். ஆனால் 'தொழில்சார் நோய்' என்ற சொல்லை அரசே தன் வாயால் சொல்லிவிட்டதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. அது வெறும் மருத்துவச் சொல் இல்லை. இந்த நோய் இந்த வேலையால் வந்தது என்று எழுதினால், அந்த வேலையைக் கொடுத்தவர் பொறுப்பாளி ஆகிறார். இழப்பீடு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, மாற்று வேலை எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. அந்த வரியை எழுத வேண்டிய இடம் தொழில்சார் உடல்நலப் பரிசோதனை. அங்கே என்ன நடக்க வேண்டும், நம் ஊரில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வாக்குறுதியை நம்பவும் முடியாது, நிறைவேற்றச் சொல்லி நெருக்கவும் முடியாது.

இப்போது நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்ட அலுவலகத்தின் முன்னால் ஒரு ஷாமியானா, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பேனர். பேனரில் எல்லாத் தலைவர்களும் இருப்பார்கள். காலை ஆறு மணி வேலையை முடித்துவிட்டு வேர்வையோடு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். எடை பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது மருத்துவர், இந்தப் பக்கம் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணை 'என்னம்மா, என்ன பண்ணுது உனக்கு?' என்று கேட்பார். கை வலி, கால் வலி என்று அவர் சொல்வார். கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒரு காகித உறையில் போட்டுத் தருவார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். அடுத்த நாள் செய்தித்தாளில் இத்தனை பேர் 'பயன்பெற்றனர்' என்று வரும்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்துக்கே போய் அவற்றைப் பார்ப்பது நல்ல காரியம். ஆனால் அது எல்லா மனிதருக்கும் வரும் நோயைத் தேடுவது. ஐ.டி. நிறுவன மேலாளருக்கும் அதே பரிசோதனைதான். மலக்குழியிலும் குப்பைக் கிடங்கிலும் இருபது ஆண்டு நின்ற உடலில் அந்த வேலை என்ன செய்திருக்கிறது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1700ஆம் ஆண்டு இத்தாலியின் மொடெனா நகரில் பெர்னார்டினோ ராமாசினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழில்சார் மருத்துவம் என்ற துறையே அதிலிருந்து தொடங்கியது என்பார்கள். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்றார் அவர்: நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்? அந்த எண்ணம் அவருக்கு எங்கே வந்தது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அவர் வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரமாகச் செய்கிறீர்கள் என்று ராமாசினி கேட்க, இதற்குள் சில மணி நேரம் நின்றால் கண் போய்விடும் என்று அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் இருட்டறையில் கண்ணைக் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டும் என்றார். அதன் பிறகு ராமாசினி நகரத்தைச் சுற்றிப் பார்த்தபோது, அரைக் குருடாகப் பிச்சையெடுப்பவர்களில் பலர் மலக்குழித் தொழிலாளிகள் என்று தெரிந்தது.

ஒரு மருத்துவ அறிவியலே மலக்குழிக்குள் நின்ற மனிதரிடம் பேசியதிலிருந்து பிறந்திருக்கிறது. முந்நூறு ஆண்டு கழித்து, அந்த வேலையைப் பிறப்பாலேயே ஒரு சாதிக்கு ஒதுக்கி வைத்திருக்கும் நாட்டில், முகாம் படிவத்தின் 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. அந்தப் புதிய பெயரைக்கூட அந்தக் கட்டத்தில் எழுத ஆளில்லை.

சரி, முறையாக நடந்தால் எப்படி இருக்க வேண்டும்?

முதலில் பேச்சு. ஊசி, கருவி எல்லாம் பிறகு. எந்த வயதில் வேலைக்கு வந்தீர்கள், தெருக் கூட்டுவதா, வண்டியில் ஏற்றுவதா, கிடங்கில் பிரிப்பதா, பாதாளச் சாக்கடையா, மாதத்துக்கு எத்தனை முறை உள்ளே இறங்கச் சொல்கிறார்கள், கையுறை தருகிறார்களா, தந்தால் எத்தனை நாளில் கிழிகிறது, ஊசி குத்தியிருக்கிறதா, மருத்துவமனைக் கழிவு வீட்டுக் குப்பையோடு கலந்து வருகிறதா, எப்போதாவது உள்ளே மயங்கியிருக்கிறீர்களா, வேலை நேரத்தில் கழிப்பறைக்கு எங்கே போவீர்கள்? இது அரை மணி நேரப் பேச்சு. இந்த வேலை வரலாறு இல்லாமல் எடுக்கும் எக்ஸ்ரேயை வைத்து எது எதனால் வந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

பிறகு நுரையீரல். ஸ்பைரோமெட்ரி என்ற கருவியில் மூச்சை முழுதாக இழுத்து, பலங்கொண்ட மட்டும் வேகமாக ஊதி, இனி இல்லை என்னும் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக வரும் மூன்று ஊதல்களாவது வேண்டும். வயது, உயரம், பாலினம் பார்த்துக் கணக்கிடுவார்கள். இதில் முக்கியமான ஒன்று: ஒருமுறை எடுத்த எண் பாதி கதையைத்தான் சொல்லும். வேலையில் சேரும்போது எடுத்தது, அடுத்த ஆண்டு எடுத்தது, அதற்கடுத்த ஆண்டு எடுத்தது என்று அடுக்கி வைத்துப் பார்த்தால்தான் மூச்சு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தெரியும். முதல் நாள் சோதனை எடுக்காத நிறுவனம் பத்து ஆண்டு கழித்து 'இவருக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்திருக்கும்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்.

தோலைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, கால் விரலிடுக்கு, முழங்கை மடிப்பு. ஆடையை விலக்கிக் காட்ட மறைவான இடம் வேண்டும், பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும். ஷாமியானாவுக்குள் இது நடக்காது. கண், காது, முதுகெலும்பு, தோள்பட்டை எல்லாம் பார்க்க வேண்டும். கூடை தூக்கி, வண்டி தள்ளித் தேய்ந்த மூட்டுக்குக் கால்சியம் மாத்திரை பதில் ஆகாது. பெண்களிடம் சிறுநீர்த் தொற்று பற்றியும் கருப்பை இறக்கம் பற்றியும் கேட்க வேண்டும். விடியற்காலை கிளம்பி மதியம் வரை சிறுநீர் கழிக்க இடமில்லாமல், அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்குத் திரும்பத் திரும்ப வரும் தொற்று அவர் உடம்பின் கோளாறா, மாநகராட்சியின் கோளாறா?

இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். சாதி வெளிச்சமாகத் தெரியும் இடம் இதுதான்.

கல்லீரல் சோதனையில் எண் கூடியிருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, 'குடிப்பியா?' ஆமாம் என்றால் முடிந்தது. 'குடிப்பழக்கம்' என்று எழுதி, அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார். அந்த மனிதர் குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாரா? குப்பையில் கிடந்த ஊசி எத்தனை முறை குத்தியிருக்கிறது என்று கேட்டாரா? சாக்கடைத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து வரும் எலிக்காய்ச்சலும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், அதைச் சோதித்தாரா? குடி என்ற ஒரே சொல் வேலைக்காரனின் மேல் பழியைப் போட்டு, வேலை கொடுத்தவனை விடுவித்துவிடுகிறது. இருமினால் பீடி, நடுங்கினால் சாராயம், தோல் அரித்தால் 'குளிக்க மாட்டாங்க' என்று சேரிக்குள் இருக்கிற மனிதரைப் பற்றி ஊருக்குள் இருக்கிறவர் வைத்திருக்கும் எல்லா முன்முடிவுகளும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மருத்துவக் குறிப்பாக மாறுகின்றன.

தடுப்பூசி இன்னொன்று. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. அதன் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவமனை ஊழியருக்கு இப்படித்தான் செய்கிறார்கள். ஒருநாள் முகாமில் மூன்று தவணை ஊசியை எப்படிப் போடுவார்கள்? முதல் ஊசி போட்ட படத்தை வெளியிடுகிறார்கள். ஆறாவது மாதத்தில் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டாலும் பிரச்சினை முடியாது. முடிவு யார் கையில் போகிறது என்பதுதான் கேள்வி. தொழில்சார் பரிசோதனைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, இந்த வேலை இந்த மனிதரை என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது. மற்றது, இந்த மனிதர் இந்த வேலைக்கு இன்னும் ஆகிறாரா என்று பார்ப்பது. முதலாவதில் வேலை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இரண்டாவதில் தொழிலாளி நிற்கிறார். 'உடல்தகுதி இல்லை' என்று எழுதிய தாள் ஒப்பந்ததாரர் கைக்குப் போனால், அடுத்த நாள் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. அதனால்தான் முகாமுக்கு வருகிறவர்கள் எதையும் சொல்வதில்லை. மூச்சு வாங்குகிறதா என்றால் இல்லை என்பார்கள், மயங்கியது உண்டா என்றால் இல்லை என்பார்கள். 'அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அதிகாரிகள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இருக்கிற விழிப்புணர்வு அதிகாரிகளுக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்த மனிதரின் மௌனம் அது.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனத்தின் ஊழியர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது. 'அரசு நிறுவனம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நுரையீரல் போன மாநகராட்சி நிரந்தர ஊழியர் இந்தப் பிரிவைக் காட்டி அலுவலகத்தில் உட்காரும் வேலையைக் கேட்கலாம். அதே தெருவை அதே துடைப்பத்தால் கூட்டிய ஒப்பந்தப் பணியாளர் 'எங்க ஆள் இல்லை' என்ற ஒரே பதிலோடு வெளியே போக வேண்டியதுதான். தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்கள் சம்பளத்துக்காக மட்டும் உட்காரவில்லை. அமைச்சரவை ஒரு கையால் நோயைக் கண்டறியும் திட்டத்தைக் கொடுத்துவிட்டு, மறு கையால் அந்த நோய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையே ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டது.

ஒப்பந்தமுறை செய்யும் இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் தொழில்சார் நோயை விபத்துக்குச் சமமாகவே கருதின. இரண்டிலும் மூன்றாம் அட்டவணையில் நோய்ப் பட்டியல் இருந்தது. தொற்று ஏற்படும் ஆபத்துள்ள வேலையால் வரும் தொற்றுநோய் அதன் முதல் பகுதியிலேயே இருந்தது. இரண்டாம் பகுதியில் இருந்த நோய்களுக்கோ குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்றன. நிறுவனம் மாறும்போதெல்லாம் புதிய அடையாள அட்டை, புதிய சேர்ந்த தேதி. பதினைந்து ஆண்டு ஒரே வட்டத்தில் குப்பை அள்ளியவர் காகிதத்தில் நான்கு மாத அனுபவம் உள்ள புதியவர். அவர் உடம்பில் இருக்கும் பதினைந்து ஆண்டும் பதிவேட்டில் இல்லை.

ஈட்டுறுதிக்காகச் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். பிடித்தவர் கட்டினாரா என்று பார்க்கத் தொழிலாளிக்கு அட்டையே கொடுக்காத ஒப்பந்ததாரர்கள் உண்டு. இந்த ஈட்டுறுதித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட அடார்கர் அறிக்கை 1944இல் வந்தபோது, வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'சாதியை எதற்கு இதில் இழுக்கிறீர்கள், ஏழைத் தொழிலாளி எல்லோருக்கும் இதே நிலைதானே?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சட்டத்தையே பார்ப்போம். போபால் விஷவாயுப் படுகொலைக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான உற்பத்தியில் ஈடுபடும் தொழிலாளியை வேலையில் அமர்த்தும் முன்பும், பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத இடைவெளியிலும், வேலையை விட்ட பின்பும்கூட மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அது சொன்னது. பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் தெரு தொழிற்சாலை இல்லை. பாதாளச் சாக்கடை தொழிற்சாலை இல்லை. நச்சு வாயுவை நேரடியாகச் சுவாசிக்கும் மனிதரை அந்தச் சட்டம் பார்க்கவே இல்லை. தோல் பதனிடும் தொழில் அதன் பட்டியலில் இருந்தது, குரோம் புண்ணும் ஆந்த்ராக்ஸும் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன. ஆனாலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஈரத் தோலில் கை வைத்த தலித் தொழிலாளிகளில் எத்தனை பேரின் கைப்புண் 'தொழில்சார் நோய்' என்று தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது, 2025 நவம்பர் 21 முதல், நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 40 வயதைத் தாண்டிய தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் இலவச உடல்நலப் பரிசோதனை என்று பெருமையாக விளம்பரம் செய்கிறது. இருபது வயதில் குப்பை வண்டியில் ஏறியவருக்கு நாற்பதில் முதல் சோதனை! அதே பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இன்னொரு பிரிவையும் படியுங்கள். நிறுவனத்தின் மையமான வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. எவையெல்லாம் 'மையமான வேலை' ஆகாது என்று ஒரு பட்டியலும் கொடுக்கிறது. நிறுவனமே அதற்கென்று அமைக்கப்பட்டிருந்தால் ஒழிய, அந்தப் பட்டியலின் முதல் வரி, கூட்டுதல், துடைத்தல், எல்லாவகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவுப் பணி. காவலாளியும் சமையல்காரரும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். எந்த வேலை ஓரத்தில் இருக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தவர் மனதில் முதலில் வந்தது துடைப்பம். மனு எழுதியதை நவீன மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

நமஸ்தே திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசே சாக்கடை, மலக்குழித் தொழிலாளிகளைக் கணக்கெடுத்தது. 2024இல் வெளிவந்த விவரப்படி, கணக்கெடுத்த சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டுமே 69 விழுக்காடு. சிலிக்கா தூசியும் ஆஸ்பெஸ்டாஸும் போல இந்த நாட்டில் சாதியும் ஒரு தொழில்சார் ஆபத்து என்று நான் சொன்னால் அது உவமை ஆகாது. யார் எந்த நச்சைச் சுவாசிப்பார் என்பதைப் பிறப்பே முடிவு செய்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு 'அறிவியல்' வாதம் வரும். 'சோதித்துப் பார்த்தோம், பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள்' என்பார்கள். தொழில்சார் மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்த பழைய பொறி இது. வேலையில் இருப்பவர்களை மட்டும் சோதித்தால் நலமானவர்கள்தான் கிடைப்பார்கள். மூச்சு போனவர் போன வருடமே வேலையை விட்டு வீட்டில் கிடக்கிறார். செத்தவர் வரிசையில் நிற்க மாட்டார். வேலையை விட்டவர்களையும் தேடிப் போய்ச் சோதிக்காத எந்தக் கணக்கெடுப்பையும் நம்பாதீர்கள். கண்ணகி நகரில், பெரும்பாக்கத்தில், நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கித் தொலைவில் எறியப்பட்ட குடியிருப்புகளில், ஐம்பது வயதில் படி ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

நல்ல பரிசோதனையைக் கேட்கும் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த உடல்தகுதிச் சான்றிதழும் மலக்குழிக்குள் மனிதரைக் காப்பாற்றாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடிக் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். அதற்கும் மேலே போனால் சில மூச்சுகளில் ஆள் விழுவார். பயில்வானும் விழுவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் உள்ளே இறக்குவதைத் தடை செய்கிறது, முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. உச்சநீதிமன்றம் 2014இல் ஒரு சாவுக்குப் 10 லட்சம் என்று சொன்ன இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் 30 லட்சம் ஆக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். ஊனத்துக்கும் தொகை சொல்லியிருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. உயிரோடு வெளியே வந்து நுரையீரலும் நரம்பும் கெட்டவர் அந்தத் தொகையைக் கேட்க வேண்டுமானால் முதலில் மருத்துவர் எழுதித் தர வேண்டும். மறுபடியும் அந்தப் படிவத்துக்கே வந்து நிற்கிறோம்.

எனவே இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. சமூக ஊடகத்தில் சாவுச் செய்தியைப் பகிர்வதோடு நிற்காமல், உங்கள் பகுதியில் முகாம் நடக்கும் நாளில் சங்கத் தோழர்களோடு கூடப் போங்கள். மருத்துவ மாணவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. போகும் முன்பே அக்காக்களோடும் அண்ணன்களோடும் உட்கார்ந்து ஒரு தாளில் அவரவர் வேலை வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு முதல், எந்த வட்டம், எந்தெந்த ஒப்பந்ததாரர், என்ன வேலை, என்ன அடிபட்டது. பழைய அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தில் சம்பளம் ஏறிய வரி, எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள்.

சோதனைக்கு ஆகும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது, ஒரு ரூபாய்கூடத் தொழிலாளி செலவழிக்கக் கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 161ஆம் உடன்படிக்கை 1985லேயே சொன்ன நெறி இது. எச்.ஐ.வி. சோதனையைச் சம்மதம் கேட்காமல் எடுக்க முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, அதன் முடிவை வைத்து வேலையை மறுப்பதையும் தடை செய்கிறது. எதற்காக இரத்தம் எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு குழாய்க்கும் கேட்கலாம். அறிக்கையின் நகல் தொழிலாளி கைக்கு வர வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. முதலாளிக்குப் போக வேண்டியது 'இந்த வேலை செய்யலாம், இந்த வேலை கூடாது' என்ற முடிவு மட்டுமே. என்ன நோய் என்ற விவரத்தைத் தெரிந்துகொள்ள மேற்பார்வையாளருக்கு எந்த உரிமையும் இல்லை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் நீளமான பட்டியல் இல்லை. சோதிக்கும் மருத்துவர் ஒப்பந்ததாரரின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. பதிவேடு ஆளோடு போக வேண்டும், நிறுவனத்தோடு போகக் கூடாது. நோய் கண்டால் அதே ஊதியத்தில் மாற்று வேலை என்று எழுத்தில் உத்தரவாதம் வேண்டும், நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்காமல். கடைசியாகச் சொன்னதைக் கொடுக்காத வரை எந்தத் தொழிலாளியும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை. சொல்லச் சொல்லி அவர்களை வற்புறுத்தும் தகுதி நமக்கும் இல்லை.

மற்றதெல்லாம் போராடிப் பெற வேண்டியது, நாளாகும். படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை நாளைக்கே சரி செய்யலாம். 'கூலி' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்: பாதாளச் சாக்கடை, 17 ஆண்டு, மாநகராட்சிக்காக.